கரண்ட் வந்தாச்சு, வந்தே பாரத் வந்தாச்சு, ரயில் ஏன் இன்னும் கிராசிங்ல நிக்குது?

கும்பகோணம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். கேள்வி சுருக்கமா இதுதான்: ரயில்வேக்கு வருஷத்துக்கு இரண்டரை லட்சம் கோடி ரூபா ஒதுக்குறாங்க, எங்க லைன்ல கரண்டும் வந்தாச்சு, டிவியை போட்டா புது ரயில், புது பாலம், புது ஸ்டேஷன்னு காட்டுறாங்க, ஆனா நான் சென்னைக்கு போறப்ப எங்க அப்பா காலத்துல வண்டி நின்ன அதே மாதிரி இன்னிக்கும் எதிர் வண்டிக்காக ஸ்டேஷன் ஸ்டேஷனா நிக்குது, அப்ப நவீனமயம்னு இவங்க எதைத்தான் சொல்றாங்க?

தம்பி, நான் ஆபரேட்டிங் டிபார்ட்மென்ட்ல 30 வருஷத்துக்கு மேல இருந்து ரிட்டையர் ஆனவன், அதுல பாதிக்கு மேல செக்ஷன் கண்ட்ரோலர் வேலை, அதாவது வண்டியை நிறுத்துறதும் விடுறதும் முடிவு பண்ற சீட்டு. உங்களை கிராசிங்ல நிக்க வச்ச ஆளுங்கள்ல நானும் ஒருத்தனா இருந்திருக்கலாம். அதனால கொஞ்சம் நீட்டாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல கண்ட்ரோல் ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். நாங்க வேலைக்கு சேர்ந்தப்ப டேபிள் மேல ஒரு பெரிய பேப்பர் சார்ட் விரிச்சிருக்கும். ஒரு பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் ஸ்டேஷன் பேரு, குறுக்கால நேரம். ஒவ்வொரு வண்டியும் அதுல ஒரு பென்சில் கோடு. வேகமா போற எக்ஸ்பிரஸ் கோடு செங்குத்தா நிக்கும், கூட்ஸ் கோடு படுத்து கிடக்கும். சிங்கிள் லைன்ல எதிரெதிரா வர்ற ரெண்டு கோடு எங்க வெட்டிக்குதோ அது கண்டிப்பா ஒரு ஸ்டேஷன்ல இருக்கணும், நடு காட்டுல வெட்டுச்சுன்னா அது கிராசிங் இல்ல, விபத்து. அதனால கண்ட்ரோலர் ராத்திரி பூரா காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, ஸ்டேஷன் மாஸ்டர்கள் சொல்ற நேரத்தை எழுதி எழுதி, எந்த வண்டியை எங்க லூப்ல (ஸ்டேஷன்ல மெயின் லைனுக்கு பக்கத்துல வண்டியை ஒதுக்கி நிறுத்தற லைன்) போடலாம்னு கோட்டை முன்னாடி இழுத்து பாத்துக்கிட்டே இருப்பார். இப்ப அதே சார்ட் கம்ப்யூட்டர்ல வருது, கோடு தானா வரையுது, ஆனா கணக்கு அதே கணக்குதான்.

ஒரு கிராசிங்குக்கு எவ்வளவு நேரம் போகும்னு பாருங்க. உங்க வண்டி வேகத்தை குறைச்சு லூப் லைன்ல நுழையணும், லூப்ல பெரும்பாலும் 30 கி.மீ. வேகம்தான், பழைய ஸ்டேஷன்ல 15. உள்ள வந்து நின்னு, பின்னாடி லைன் கிளியர் ஆகி, எதிர் வண்டி மெயின்ல தாண்டி போயி, வண்டியை ஒரு லைன்ல இருந்து இன்னொண்ணுக்கு திருப்பற பாயின்ட்டை மாத்தி, உங்களுக்கு ஸ்டார்ட்டர் (கிளம்பற சிக்னல்) விழுந்து, மறுபடி வண்டி வேகம் பிடிக்கறதுக்குள்ள எல்லாம் சரியா நடந்தாலே 12 நிமிஷம், 15 நிமிஷம் போயிடும். எதிர் வண்டி 10 நிமிஷம் லேட்டுன்னா அந்த லேட்டு உங்க வண்டிக்கு ஒட்டும், உங்க வண்டியால அடுத்த ஸ்டேஷன்ல நிக்கிற பாசஞ்சருக்கு ஒட்டும், ஒரு சளி மாதிரி செக்ஷன் பூரா பரவும்.

இதுக்கு ரயில்வேல ஒரு பழைய கணக்கு இருக்கு, ஸ்காட் ஃபார்முலான்னு சொல்வாங்க. ஒரு நாளைக்கு 1440 நிமிஷம். செக்ஷன்லயே பெரிய இடைவெளி இருக்கற ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல மெதுவான வண்டி போக 20 நிமிஷம் ஆகுதுன்னு வைங்க, லைன் கிளியர் (அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை காலின்னு தர்ற அனுமதி) வாங்கி சிக்னல் போடுற வேலைக்கு 5 நிமிஷம், ஆக 25. 1440ஐ 25ஆல வகுத்தா 57 சொச்சம் வரும். அதுல 70% தான் நடைமுறைல ஓட்ட முடியும்னு கணக்கு, அப்ப 40. ரெண்டு திசைக்கும் சேர்த்து, பாசஞ்சர் எக்ஸ்பிரஸ் கூட்ஸ் எல்லாம் சேர்த்து, ஒரு நாளைக்கு 40 வண்டி. 41வது வண்டியை விட்டா விடலாம், ஆனா அது எல்லாரோட நேரத்தையும் தின்னுட்டுதான் போகும். இதுல எஞ்சின் டீசலா கரண்டாங்கற கேள்வியே வரல பாருங்க, எஞ்சினால அந்த 20 நிமிஷத்துல ரெண்டு மூணு நிமிஷம் குறையலாம், அவ்வளவுதான்.

உங்க கேள்விக்கு விடை இந்த கணக்குக்குள்ளதான் இருக்கு. நீங்க போற விழுப்புரம் மயிலாடுதுறை கும்பகோணம் தஞ்சாவூர் பாதையை நாங்க மெயின் லைன்னு சொல்வோம், விருத்தாசலம் அரியலூர் வழியா திருச்சி போறது கார்டு லைன், அதாவது குறுக்கு வழி. பேருதான் மெயின் லைன், ஆனா டபுள் லைன் ஆனது கார்டு லைன். விழுப்புரத்துல இருந்து தஞ்சாவூர் வரைக்கும் 190 கி.மீ.க்கு மேல, இன்னும் சிங்கிள் லைன். 2006 கடைசில மீட்டர் கேஜை (ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு மீட்டர் இருக்கற பழைய பாதை) மாத்த மயிலாடுதுறை விழுப்புரம் லைனை மூடினாங்க, மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு திறக்க, அந்த மூணு வருஷமும் ஜனங்க பஸ்ல தொங்கிக்கிட்டு போனாங்க. அப்புறம் 2021 பிப்ரவரில கரண்ட் லைன் திறந்தாங்க, விழுப்புரம் கடலூர் மயிலாடுதுறை தஞ்சாவூரும், மயிலாடுதுறை திருவாரூரும் சேர்த்து 228 கி.மீ., 423 கோடி ரூபா. நல்ல வேலைதான், குறை சொல்லல. ஆனா கேஜ் மாறுச்சு, கம்பி வந்துச்சு, லைன் மட்டும் ஒண்ணாவே இருக்கு. நீங்க நிக்கிறது அதனாலதான்.

இதை நாடு பூராவுக்கும் விரிச்சு பாருங்க. 1951ல இந்தியாவுல ரயில் பாதை சுமார் 53,600 கி.மீ. இப்ப 69,000 சொச்சம். அதாவது 70 வருஷத்துக்கு மேல ஓடியும் மூணுல ஒரு பங்கு கூட கூடல. அதே காலத்துல வருஷத்துக்கு 128 கோடி பயணம்னு இருந்தது 700 கோடிக்கு மேல போயிருக்கு, சரக்கு 9 கோடி டன்னுல இருந்து 160 கோடி டன்னுக்கு மேல. வீடு அதே வீடு, குடும்பம் மட்டும் பத்து மடங்கு ஆனா எப்படி இருக்கும், அப்படி. அதுலயும் டெல்லி மும்பை சென்னை ஹவுரா நாலையும் இணைக்கற நாற்கரமும் குறுக்கு பாதைகளும் மொத்த நீளத்துல 16% அளவுதான், ஆனா மொத்த போக்குவரத்துல பாதிக்கு மேல அந்த 16% தலை மேலதான் ஓடுது.

நடுவுல சும்மாவும் இருந்துடல. 1992ல யூனிகேஜ்னு ஒரு பெரிய திட்டம் ஆரம்பிச்சாங்க, மீட்டர் கேஜ் எல்லாத்தையும் பிராட் கேஜா, அதாவது அகலப் பாதையா மாத்தறது. அதுக்கே ரெண்டு மூணு தலைமுறை பட்ஜெட் போச்சு. தமிழ்நாட்டுல தெற்கு பக்கம் பெரும்பாலும் மீட்டர் கேஜ்தானே, நமக்கு அந்த மாற்றம் ரொம்ப லேட்டா முடிஞ்சுது. வேற வழியும் இல்ல, ஏன்னா கேஜ் மாறுற இடத்துல நெல்லு மூட்டையை ஒரு வேகன்ல இருந்து இறக்கி இன்னொரு வேகன்ல ஏத்தணும், அந்த செலவும் சேதாரமும் வேற. ஆனா மீட்டர் கேஜ்னா ஆமைன்னு நினைக்காதீங்க. வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15 அன்னிக்கு மீட்டர் கேஜ்ல ஆரம்பிச்சப்பவே மதுரை சென்னை சுமார் 7 மணி நேரம். இன்னிக்கு பிராட் கேஜ், கரண்ட் எஞ்சின், டபுள் லைன் எல்லாம் இருந்தும் அதே வைகை அதே 7 மணி நேரத்தை ஒட்டிதான் ஓடுது. எஞ்சின் பலம் எத்தனையோ மடங்கு கூடியிருக்கு, ஆனா அன்னிக்கு அந்த லைன்ல ஓடுன வண்டி கம்மி, வைகைக்காக மத்ததை எல்லாம் ஒதுக்கி வச்சு ராஜபாட்டை போட்டு குடுப்பாங்க. இப்ப செங்கல்பட்டு தாண்டினாலே லோக்கல் வண்டி, எதிர்ல எக்ஸ்பிரஸ், பின்னால எக்ஸ்பிரஸ். எனக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

கரண்ட் விஷயத்துக்கு வர்றேன், அதை குறைச்சு பேசவும் கூடாது. 1925ல பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் குர்லா லைன்ல முதல் மின்சார ரயில், 1931ல நம்ம பீச் தாம்பரம். அங்க இருந்து 2014 வரைக்கும், கிட்டத்தட்ட 90 வருஷத்துல, 22,000 கி.மீ. பக்கம்தான் ஆச்சு. அப்புறம் பத்து பதினோரு வருஷத்துல 45,000 கி.மீ.க்கு மேல, இப்ப பிராட் கேஜ் கிட்டத்தட்ட முழுசும் கம்பிக்கு கீழ வந்தாச்சு. உலகத்துல இவ்வளவு பெரிய ரயில்வேல வேற யாரும் இந்த வேகத்துல பண்ணல, இதை நான் பெருமையாவே சொல்வேன். டீசல் இறக்குமதி மிச்சம், பிரேக் போடும்போது கரண்ட் திரும்ப கம்பிக்கு போகும், அப்புறம் ஏசி பெட்டிக்கெல்லாம் எஞ்சின்ல இருந்தே கரண்ட் குடுக்கறதால ரெண்டு பக்கமும் காது கிழியுற மாதிரி கத்துற ஜெனரேட்டர் பெட்டி நின்னுடுச்சு. முன்னாடி வழில எஞ்சின் மாத்தறதுக்குன்னே அரை மணி நேரம் போகும், அதுவும் இல்ல. எல்லாம் லாபம். ஆனா சார்ட்ல இடம் மட்டும் கூடல.

சார்ட்ல இடம் கூட்டுறதுன்னா அதுக்கு மூணு நாலு வழிதான். இன்னொரு லைன் போடறது, சிக்னலை நெருக்கமா வைக்கறது, மெதுவான வண்டியை வேற பாதைக்கு தள்ளறது, இல்லன்னா எல்லா வண்டியையும் ஒரே வேகத்துல ஓட்டறது. கடைசி வழி நடக்காது, ஏன்னா ஒரே லைன்ல 130ல போற வண்டியும் எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற பாசஞ்சரும் 4000 டன் நிலக்கரியோட கூட்ஸும் ஓடியாகணும், இதுதான் இந்திய ரயில்வேயோட அடிப்படை கஷ்டமே.

மெதுவான வண்டியை தள்ளற வேலையில நடந்த உருப்படியான காரியம் சரக்குக்குன்னே போட்ட தனி பாதை. கிழக்குல லூதியானாவுல இருந்து பீகார் சோன்நகர் வரைக்கும் 1337 கி.மீ., மேற்குல டெல்லி பக்கத்துல தாத்ரில இருந்து மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரைக்கும் 1506 கி.மீ. கிழக்குக்கு உலக வங்கி கடன், மேற்குக்கு ஜப்பான் கடன். டிவில இதுக்கு வந்தே பாரத்துக்கு கிடைச்சதுல நூறுல ஒரு பங்கு கவனம் கூட கிடைக்கல, ஆனா கேட்டா நான் இதைத்தான் இந்த தலைமுறையோட பெரிய வேலைன்னு சொல்வேன். மேற்கு பாதைல கம்பியை ஏழரை மீட்டர் உயரத்துக்கு தூக்கி கட்டியிருக்காங்க, எதுக்குன்னா கன்டெய்னர் மேல கன்டெய்னர் ரெண்டு அடுக்கா வச்சு கரண்ட் எஞ்சின்லயே இழுக்க. லூப் லைன் 1500 மீட்டர், நம்ம சாதா ஸ்டேஷன்ல 700 மீட்டர் சொச்சம்தான், அதனால ரெண்டு கூட்ஸை ஒண்ணா கட்டி அனுப்பலாம். மாதேபுராவுல செய்யற 12,000 குதிரைசக்தி எஞ்சின்தான் அங்க முன்னாடி நிக்குது. பழைய பாதைல கூட்ஸோட சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ.தான் வரும், சைக்கிள்காரன் கொஞ்சம் மிதிச்சா கூடவே வருவான். இங்க அதை விட ரெண்டு மடங்கு. கூட்ஸ் அங்க போனதும் பழைய லைன்ல பாசஞ்சர் வண்டிக்கு இடம் கிடைச்சுது, கான்பூர் அலகாபாத் பக்கம் வேலை பாக்கற நண்பர்கள் சொல்வாங்க, முன்னாடி விடியக்காலைல போய் சேர வேண்டிய வண்டி மத்தியானம் சேர்ந்த கதையெல்லாம் இப்ப குறைஞ்சுடுச்சுன்னு. தெற்குக்கு இப்படி ஒரு பாதை இன்னும் வரல, எனக்கு அந்த ஆதங்கம் உண்டு.

அடுத்து வந்தே பாரத். பெரம்பூர் ஐசிஎஃப்ல (ரயில் பெட்டி தொழிற்சாலை) பிறந்த வண்டி, 1955ல சுவிட்சர்லாந்து உதவியோட ஆரம்பிச்ச அந்த தொழிற்சாலை பதினெட்டு மாசத்துல டிசைன் பண்ணி ட்ரெயின் 18ன்னு பேரு வச்சு வெளிய விட்டாங்க, 2019 பிப்ரவரி 15ல டெல்லி வாரணாசி. வண்டி ரொம்ப நல்ல வண்டி. தனியா எஞ்சின் கிடையாது, பெட்டிகளுக்கு அடில அங்கங்க மோட்டார் பிரிச்சு வச்சிருக்கு, அதனால சடார்னு வேகம் பிடிக்கும், சடார்னு நிக்கும். நிறைய இடத்துல நின்னு போற பாதைல இந்த குணம்தான் நேரத்தை மிச்சம் பண்ணுது, உச்ச வேகம் இல்ல. 180 வரைக்கும் ஓட்டி பாத்தாங்க, ஆனா பெரும்பாலான இடத்துல அனுமதி 110ல இருந்து 130தான், டெல்லி ஆக்ரா பக்கம் மாதிரி சில இடத்துலதான் 160. எழும்பூர் திருநெல்வேலி 650 கி.மீ. 7 மணி 50 நிமிஷம்னு ஆரம்பிச்சாங்க, வகுத்து பாத்தீங்கன்னா சராசரி 83. ஏன் அதுக்கு மேல இல்லன்னா, வளைவு, பாலம், லெவல் கிராசிங், வேகக்கட்டுப்பாடு போட்டிருக்கற இடம் இதெல்லாம் வண்டி புதுசா பழசான்னு பாக்காது. 130க்கு மேல போகணும்னா ரெண்டு பக்கமும் வேலி போடணும், ஆடு மாடு உள்ள வரக்கூடாது, பாயின்ட்ஸ் எல்லாம் கனமானதா மாத்தணும், அதோட சிக்னல் டிரைவர் கண்ணு முன்னாடி கேபின்லயே தெரியணும், ஏன்னா அந்த வேகத்துல வெளிய இருக்கற சிக்னலை பாத்து பிரேக் போட்டு நிறுத்தறதுக்கு தூரம் பத்தாது.

கண்ட்ரோலர் கண்ணுல பாத்தா இன்னொரு பக்கமும் இருக்கு. சார்ட்ல ஒரு செங்குத்து கோடு வந்தா அது சுத்தி இருக்கற படுத்த கோடு எல்லாத்தையும் வெட்டும். ஒரு வந்தே பாரத்துக்கு வழி விட முன்னாடி போற ரெண்டு எக்ஸ்பிரஸ், ஒரு பாசஞ்சர், ஒரு கூட்ஸ் லூப்ல ஒதுங்கணும். அந்த பாசஞ்சர்ல காலேஜ் பசங்க, ஆஸ்பத்திரிக்கு போறவங்க, பூக்கூடையோட மார்க்கெட்டுக்கு போற அம்மாக்கள் இருப்பாங்க, அவங்க நேரமும் நேரம்தான். நான் வந்தே பாரத் வேண்டாம்னு சொல்லல. லைனை பெருக்காம வேகமான வண்டியை மட்டும் பெருக்கினா ஒருத்தர் மிச்சம் பிடிக்கற நிமிஷம் இன்னொருத்தர் பாக்கெட்ல இருந்துதான் வரும்னு சொல்றேன். அதே ஐசிஎஃப்ல இருந்து ஏசி இல்லாத அம்ரித் பாரத் வண்டியும் வருது, 2023 டிசம்பர்ல ஆரம்பிச்சது, ரெண்டு பக்கமும் எஞ்சின். அன்ரிசர்வ்டு பெட்டில ஒத்தை கால்ல நிக்கிற ஜனங்களுக்கு அதுதான் வேணும், அது இன்னும் நிறைய வரணும்.

தெற்குல லைன் பெருக்கினதால என்ன ஆச்சுன்னும் சொல்லணும். சென்னைல இருந்து நாகர்கோவில் வரைக்கும் டபுள் லைன் 2024ல முழுசா முடிஞ்சுது. விழுப்புரம் திண்டுக்கல், அப்புறம் மதுரை மணியாச்சி, மணியாச்சி நாகர்கோவில்னு துண்டு துண்டா பல வருஷம் இழுத்த வேலை. அதுக்கு முன்னாடி திருநெல்வேலி வண்டிகளுக்கு மதுரை தாண்டினதும் எங்க கிராசிங் விழும்னு கடவுளுக்குத்தான் தெரியும். இப்ப எதிர் வண்டிங்கற கவலையே போச்சு. டபுள் லைன் போட்டா இடம் ரெண்டு மடங்கு இல்ல, அதுக்கும் மேல கூடும், ஏன்னா கிராசிங்குன்னு வீணா போன அத்தனை நிமிஷமும் ஓடுற நிமிஷமா மாறிடும்.

பாதுகாப்பை பத்தி பேசாம இந்த பதில் முழுசாகாது. கவச்னு கேள்விப்பட்டிருப்பீங்க, நம்ம நாட்டுலயே உருவாக்கின தானியங்கி பாதுகாப்பு கருவி. தண்டவாளத்துக்கு நடுவுல சின்ன சின்ன டேக் பதிச்சிருப்பாங்க, வண்டி அதை படிச்சு நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சுக்கும், ஸ்டேஷன்ல இருக்கற கருவியோட ரேடியோல பேசும், லோகோ பைலட் சிவப்பை தாண்டப் பாத்தா தானா பிரேக் போட்டுடும். முதல்ல தென் மத்திய ரயில்வேல 1465 கி.மீ. போட்டாங்க, அடுத்து டெல்லி மும்பை, டெல்லி ஹவுரான்னு சுமார் 3000 கி.மீ.ல வேலை. 69,000ல இது கொஞ்சம்தான்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். வேகமா நடக்கணும், ஏன்னா 12 மணி நேரம் ராத்திரி ட்யூட்டி பாக்கற மனுஷனோட ஒரு நொடி கண்ணசரலை நம்பி 1500 உயிரை அனுப்பக்கூடாது.

ஆனா கவச் வந்துட்டா விபத்தே இருக்காதுன்னு நினைக்காதீங்க. 2023 ஜூன் 2 பாலசோர், பாஹாநகா பஜார் ஸ்டேஷன். நம்ம சென்னைக்கு வந்துக்கிட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், 290க்கு மேல உயிர் போச்சு. அங்க மெயின் லைனுக்கு பச்சை விழுந்திருக்கு, பாயின்ட் மட்டும் லூப்புக்கு போட்டிருந்துது, லூப்ல இரும்புத்தாது கூட்ஸ் நின்னுக்கிட்டிருந்துது. பாதுகாப்பு கமிஷனர் விசாரணைல வந்த விஷயம், சிக்னல் சர்க்யூட்ல முன்னாடி பண்ணின மாற்றத்துல வயரிங் தப்பு, அதை கவனிக்காம அன்னிக்கு கேட் வேலைக்காக மறுபடி கை வச்சது. இந்த மாதிரி தப்பை கவச் பிடிக்காது, ஏன்னா சிக்னல் பச்சைன்னு சொன்னா கவச்சும் அதை நம்பும். வேலை முடிச்சு ஒவ்வொரு வயரையும் டெஸ்ட் பண்ணி பாக்க நேரமும் ஆளும் வேணும். ரிட்டையர் ஆனதுக்கு அப்புறமும் அந்த ராத்திரி டிவி முன்னாடி நான் உக்காந்தே இருந்தேன், படுக்க போகல.

இந்த நேரம்ங்கற விஷயம் வெளில இருக்கறவங்களுக்கு தெரியாது. தண்டவாளத்துல வேலை பாக்கணும்னா வண்டியை நிறுத்தி லைன் பிளாக் குடுக்கணும். இன்ஜினியரிங்காரங்க மூணு மணி நேரம் கேப்பாங்க, நாங்க ஒன்றரை மணி நேரம் குடுப்போம், அதுவும் ஏதாவது வண்டி லேட்டாச்சுன்னா ஒரு மணி நேரமா சுருங்கும். ஜல்லியை இறுக்கற டாம்பிங் மிஷின் பக்கத்து ஸ்டேஷன் லூப்ல தயாரா நிக்கும், ஆளுங்க வெயில்ல காத்திருப்பாங்க, ஃபோன்ல அந்த பக்கம் இருந்து இன்னும் எவ்வளவு நேரம் சார்னு கேக்கற குரல் இன்னும் எனக்கு காதுல இருக்கு. வண்டி கூட கூட ரிப்பேருக்கு நேரம் குறையும், ரிப்பேர் ஆகாத இடத்துல காஷன் ஆர்டர் போட்டு 30ல போன்னு சொல்வாங்க, அதனால இன்னும் லேட்டு, இன்னும் நெரிசல்.

கீமேன்னு ஒருத்தர் இருப்பார், பாத்திருக்கீங்களா? காலைல தோள்ல சுத்தியல், ஸ்பேனர், கையில சிவப்பு கொடி பச்சை கொடி, பையில டெட்டனேட்டர் (வண்டி மேல ஏறினா வெடிச்சு டிரைவரை எச்சரிக்கறது). தினமும் ஆறேழு கி.மீ. தண்டவாளத்து மேலயே நடப்பார், ஒரு ரயிலை பாத்துக்கிட்டே போயி இன்னொரு ரயிலை பாத்துக்கிட்டே திரும்புவார் (ரயில்னா இங்க தண்டவாள இரும்பு). கிளிப் நழுவி இருந்தா ஒரு தட்டு தட்டி உள்ள ஏத்துவார். மே மாச வெயில்ல இரும்பு விரிஞ்சு லைன் வளைய பாக்கும், மார்கழி குளிர்ல சுருங்கி வெல்டிங் விட்டு போகும். அல்ட்ராசோனிக் டெஸ்டிங் எல்லாம் வந்துடுச்சு, ஆனா விடியக்காலைல வெல்டிங் விட்டிருக்கறதை முதல்ல பாத்து சிவப்பு கொடியோட வண்டியை நோக்கி ஓடுறது பெரும்பாலும் இவர்தான். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தை 60 கிலோவா மாத்தறது, 260 மீட்டர் நீள துண்டா கொண்டு வந்து வெல்டிங் குறைக்கறது, ஆளில்லா லெவல் கிராசிங்கை பிராட் கேஜ்ல 2019 ஜனவரிக்குள்ள முழுசா ஒழிச்சது, இதெல்லாம்தான் நிஜமான நவீனமயம், ரிப்பன் வெட்ட ஆள் வராத வேலை. பலனும் தெரியுது, 2014-15ல பெரிய விபத்து 135, 2024-25ல 31. இத்தனைக்கும் ரயில்வே பாதுகாப்பை ஆராய போட்ட கக்கோட்கர் கமிட்டி 2012லயே பாதுகாப்புக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு லட்சம் கோடி வேணும்னு எழுதி குடுத்தது, அதுக்குன்னு தனி நிதி வந்தது 2017-18ல.

பாலம் பத்தி கேட்டீங்க. செனாப் பாலம் ஆத்துக்கு மேல 359 மீட்டர், காஷ்மீர் லைன் 272 கி.மீ. அதை முடிச்சது சாதாரணம் இல்ல. மிசோரம் தலைநகர் பக்கம் சாய்ராங் வரைக்கும் 51 கி.மீ. போட 48 சுரங்கம் குடைஞ்சாங்க. பாம்பன்ல 1914 பாலம் உப்பு காத்துல 108 வருஷம் உழைச்சு ஓய்ஞ்சது, 2025 ஏப்ரல்ல புது பாலம், நடு துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேல போகும். இதெல்லாம் நாட்டோட ஓரங்களை இணைக்கற வேலை, லாப நஷ்டம் பாத்து போடறதில்ல, போடவும் கூடாது. மும்பை அகமதாபாத் புல்லட் ரயில் 508 கி.மீ. தனி பாதை, தனி கேஜ். சீனாக்காரன் 2008ல ஆரம்பிச்சு 48,000 கி.மீ.க்கு மேல அதிவேக பாதை போட்டுட்டான், அதுல நாம கத்துக்க வேண்டியது வேகம் மட்டும் இல்ல, பயணிகள் புது பாதைக்கு போனதும் பழைய பாதைல சரக்குக்கு நிறைய இடம் கிடைச்சது பாருங்க, அதைத்தான்.

பணம் எங்க போகுதுன்னு கேட்டீங்க. 2023-24 கணக்குப்படி ரயில்வே 100 ரூபா சம்பாதிக்க 98 ரூபா 43 காசு செலவு பண்ணியிருக்கு. சம்பளம், பென்ஷன், கரண்ட் எல்லாம் போக கையில நிக்கிறது ஒண்ணரை ரூபா. வருமானத்துல பெரும் பங்கு சரக்கு, சரக்குல பாதி நிலக்கரி, அதுல வர்ற லாபத்தை எடுத்துத்தான் நம்ம டிக்கெட் நஷ்டத்தை அடைக்கறாங்க. டிக்கெட்டை ஏத்துன்னு நான் சொல்ல மாட்டேன், ஜெனரல் டிக்கெட்ல போறவங்க சாமானிய ஜனம். ஆனா சரக்கு கட்டணம் கூட கூட சரக்கு லாரிக்கு போயிடுச்சு, சுதந்திரம் வாங்கினப்ப நாட்டு சரக்குல பெரும்பகுதி ரயில்லதான் போச்சு, இப்ப கால்வாசியை ஒட்டித்தான். அப்ப புது லைன் போடற பணம் பூரா மத்திய பட்ஜெட்ல இருந்து வரணும். அது வந்தாலும் நிலம் வேணும். திண்டிவனம் திருவண்ணாமலை 70 கி.மீ. புது லைன் 2006-07ல அனுமதி ஆனது, அப்ப பிறந்த பிள்ளைங்க காலேஜ் போயிட்டாங்க, லைன் இன்னும் வரல.

இப்ப உங்க ஊருக்கு வர்றேன். நம்ம ஜனங்க ஒவ்வொரு தடவையும் எம்பிகிட்ட மனு குடுக்கறது புது ரயில் விடுங்க, இங்க ஒரு ஸ்டாப்பிங் குடுங்கன்னுதான். ஏற்கனவே நெரிஞ்சு கிடக்கற சிங்கிள் லைன்ல புது வண்டி விட்டா நீங்க இன்னொரு கிராசிங்ல கூட நிப்பீங்க. தஞ்சாவூர் திருச்சி டபுள் லைன் ஆயிடுச்சு, அதே மாதிரி விழுப்புரம் தஞ்சாவூர் டபுள் லைன் வேணும்னு ஒரே கோரிக்கையா கேளுங்க. முழுசா ஒரேயடியா முடியாதுன்னா, நெரிசல் அதிகமா இருக்கற துண்டை முதல்ல போட சொல்லுங்க, இடைவெளி ரொம்ப நீளமா இருக்கற இடத்துல நடுவுல ஒரு கிராசிங் ஸ்டேஷன் கேளுங்க, அந்த 20 நிமிஷம் 10 ஆனாலே ஃபார்முலா மாறிடும், 40 வண்டி போன இடத்துல 67 போகும்.

அப்புறம் ஒரு வேலை பண்ணுங்க. பட்ஜெட் முடிஞ்சு சில நாள்ல ரயில்வே ஒவ்வொரு திட்டத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்குன்னு ஒரு புத்தகம் வெளியிடும், பிங்க் புக்னு சொல்வாங்க, இன்டர்நெட்லயே கிடைக்கும். தெற்கு ரயில்வே பக்கத்தை திறந்து நீங்க கேட்ட திட்டத்துக்கு நேரா இருக்கற தொகையை பாருங்க. கோடிக்கணக்குல இருந்தா வேலை நடக்கும். சில திட்டத்துக்கு நேரா 1000 ரூபான்னு இருக்கும், ஆயிரம் கோடி இல்ல, வெறும் ஆயிரம் ரூபா, திட்டம் புத்தகத்துல இருந்து விழுந்துடாம இருக்க வைக்கற தொகை. அடுத்த தடவை மனு எழுதும்போது அந்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து கூட வச்சு குடுங்க.